கத்தல் மேஸ்திரி

மகுட லீக் பற்றிய செய்தி வந்த காலையில் வியாசர்பாடியில் தீபாவளிக்கு மிச்சம் வைத்த வெடியெல்லாம் வெடித்துத் தீர்ந்தது. ஆசியாவின் பெரிய கால்பந்துக் கழகங்கள் பன்னிரண்டு, இருக்கிற போட்டிகளை எல்லாம் உதறிவிட்டுத் தனிக்குடித்தனம் போகின்றன. இனி அவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடிக்கொள்வார்கள். வெளியே இருப்பவன் எவ்வளவு ஜெயித்தாலும் உள்ளே வர முடியாது. உள்ளே இருப்பவன் எவ்வளவு தோற்றாலும் வெளியே போக வேண்டாம். அந்தப் பன்னிரண்டில் கடைசிப் பெயர் கால்வாய்.

பேட்டைக்குப் பின்னால் போகும் கால்வாயின் பெயரைத்தான் அணிக்கு வைத்திருந்தார்கள். அதில் ஓடுவது தண்ணீர் என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். அதனால் எதிரணிக்காரர்கள், "சாக்கடை வருது, மூக்கைப் பொத்திக்க" என்று கத்துவது வழக்கம். வேறு ஊராக இருந்தால் மண்டை உடைந்திருக்கும். இந்த ஜனம் என்ன செய்தது தெரியுமா? தாங்களே மூக்கைப் பொத்திக்கொண்டு, கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு, மைதானத்துக்குள் ஊர்வலமாக நுழைய ஆரம்பித்தது. அப்புறம் எதிரிக்குக் கிண்டல் செய்ய என்ன மிச்சம் இருக்கும்?

அந்த ஊர்வலத்துக்கு முன்னால் நடப்பவள் பிலோமினா. பிழைப்புக்கு அவள் குடிநீர் லாரி ஓட்டினாள். பேட்டையில் அவளுக்கு வேறொரு உத்தியோகம் இருந்தது: கத்தல் மேஸ்திரி. சம்பளம் கிடையாது. ஆட்டம் முழுக்க மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நிற்க வேண்டும். எப்போது கத்துவது, எப்போது அடங்குவது, யாரை எந்த வசவால் வறுத்தெடுப்பது என்பதெல்லாம் மேஸ்திரியின் கையசைவு. ஆட்டத்தைப் பார்ப்பதற்கென்றே பிறந்த ஒருத்தி ஆட்டத்தையே பார்க்காமல் நிற்பதென்றால், அதற்கு எத்தனை ஆசை இருக்க வேண்டும்!

அணியின் தலைவன் எபினேசர் அவளுடைய தம்பி. அம்மா போனபோது அவனுக்கு ஏழு வயது, இவளுக்குப் பதினேழு. அன்றிலிருந்து அவனுக்குச் சோறு ஊட்டியதும், பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதும், முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அவனை ஒரு நாளும் கடிந்து ஒரு சொல் சொன்னதில்லை. ஊரையே வறுத்தெடுக்கும் வாய், தம்பியிடம் மட்டும் வெல்லப்பாகு.

ஆகவே அன்றைக்கு எல்லோரும் அவள் வீட்டு வாசலில்தான் வெடி வெடித்தார்கள். அவளோ தண்ணீர் நிரப்பும் நிலையத்தில் லாரிக்குள் உட்கார்ந்து, அந்தச் செய்தியை இரண்டு தரம் கேட்டாள்.

முதலில் அவளைத் தேடி வந்தது எதிரி. ஹார்பர் அணிக்குக் கத்துகிறவர்களின் தலைவர் கஃபூர் பாய், ஸ்கூட்டரை லாரிக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற மனிதர். கால்வாய்க்கும் ஹார்பருக்கும் பங்காளிப் பகை மாதிரி, காரணம் மறந்துபோன பகை.

"வாழ்த்து சொல்லலாம்னு வந்தேன்" என்றார்.

"மூஞ்சப் பாத்தா அப்படித் தெரியலையே பாய்."

"எப்டித் தெரியும்? ரெண்டு வருசத்துல ரெண்டு படி ஏறினோம். இன்னும் ஒரு படி. அப்பால உங்களோட ஆட்டம். என் பொண்ணு இப்பவே பாட்டெல்லாம் கட்டி வெச்சிகினு கீது, உங்களக் கேவலமாத் திட்டி. இப்ப கதவ மூடிட்டானுங்க. இனிமே என் பேரன் காலத்துலகூட உங்களோட ஆட முடியாது." அவர் தொண்டையைச் செருமினார். "நான் இனிமே யாரத் திட்டுவேன் மேஸ்திரி?"

பிலோமினா லாரியை விட்டு இறங்கினாள். எதிரி அழுதால் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து, லீக்கின் ஆள் ஒருவன் சர்ச் மண்டபத்துக்கு வந்தான். பெயர் பிரித்வி. நல்ல பிள்ளைதான், எல்லோரையும் 'மேடம்', 'சார்' என்றான், கொடுத்த டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். பெட்டி பெட்டியாகப் புதுப் பட்டைகள் கொண்டுவந்திருந்தான்.

மணிக்கட்டில் கட்டும் அந்தப் பட்டை பேட்டைக்குப் புதிதல்ல. பத்துப் பன்னிரண்டு வருஷமாகவே பெரிய ஆட்டங்களில் எல்லோரும் கட்டிக்கொள்வதுதான். ஆனால் அது என்ன செய்கிறது என்று யாரும் இதுவரை உட்கார்ந்து கேட்டதில்லை. டில்லிபாபு கேட்டான். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், மைதானத்தில் பெரிய மேளம் அவன் கையில்தான் இருக்கும்.

"சார், இத்தக் கட்டினா எங்க நெஞ்சு அடிக்கிறது பசங்களுக்குக் கேக்கும்னு சொல்றாங்களே, நெசமா?"

"கேக்காது சார், உடம்புல தெரியும்" என்றான் பிரித்வி. "உங்க எல்லாரோட துடிப்பையும் சேத்து ஒரே அலையா ஆக்கறோம். பிளேயர் போட்டிருக்கிற சட்டைக்குள்ள அது போகும். நீங்க பதறினா அவன் நெஞ்சுல பதற்றம் தட்டும். நீங்க பொங்கினா அவன் கால் பறக்கும். லட்சம் பேர் ஒருத்தனுக்குள்ள ஓடற மாதிரி. இப்ப இருக்கற பிளேயர்ஸ் எல்லாம் சின்ன வயசுலேர்ந்து இந்த அலையிலேயே ஆடிப் பழகினவங்க."

"அப்ப மகுட லீக் ஆட்டத்துக்கு எங்களை எங்க இட்டுகினு போவீங்க?"

"எங்கயும் போக வேண்டாம். அரங்கம் பாலைவனத்துல இருக்கு. அதுல நாற்காலியே கிடையாது. வெயில்ல நிக்க வேண்டாம், பஸ் பிடிக்க வேண்டாம். வீட்ல உக்காந்து பட்டையக் கட்டிக்கிட்டாப் போதும். அலை அங்க வந்துடும்."

பிலோமினா பின்வரிசையிலிருந்து எழுந்தாள். "தம்பி, ஒரு சந்தேகம். ஏசியாவுல நாங்க நாப்பதாவது எடத்துல கீறோம். முப்பது டீமைத் தாண்டி எங்களை எதுக்குக் கூப்டீங்க?"

பிரித்வி கொஞ்சம் தயங்கினான். பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம். "உண்மையச் சொல்றேன் மேடம். ஆட்டத்துக்காக இல்ல. எங்க கணக்குல, ஏசியாவுலேயே உங்க அலை மாதிரி இன்னொரு அலை கிடையாது. உங்க ஆளுங்க மாதிரி யாரும் பதற மாட்டாங்க, யாரும் பொங்க மாட்டாங்க."

மண்டபம் விசிலடித்தது. பெருமையில் டில்லிபாபு பக்கத்திலிருந்தவன் முதுகில் ஒன்று வைத்தான்.

பிலோமினா கையைத் தூக்கியதும் சத்தம் அடங்கியது. "சரி. எதுக்குப் பதறுறோம்? தோத்தா கீழ எறங்கிடுவோமேன்னு. எதுக்குப் பொங்குறோம்? ஜெயிச்சா மேல போவோமேன்னு. உங்க லீக்குல எறக்கமும் இல்ல, ஏத்தமும் இல்ல. அப்பால எங்க நெஞ்சு எதுக்குத் தம்பி அடிக்கும்?"

"அதுக்கும் ஏற்பாடு இருக்கு மேடம்" என்றான் அவன். என்ன ஏற்பாடு என்று அவள் கேட்பதற்குள் பெட்டிகளைப் பிரிக்கக் குனிந்துவிட்டான்.

அவன் போனபின்தான் உண்மையான கூட்டம் நடந்தது. சாயங்காலம் தொடங்கிய வாக்குவாதம் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டியது. டில்லிபாபு மேஜைமேல் ஏறி நின்றுவிட்டான்.

"நான் தெளிவாக் கேக்கறேன். எத்தினி வருசம் கீழ கெடந்தோம்? நம்ம பேட்டப் பேரச் சொன்னா வாடகைக்கு வீடு குடுக்க மாட்டான், வேல குடுக்க மாட்டான். இப்ப மொத மொறையா மேல குந்த வெக்கிறான். காலத்துக்கும் எறக்க மாட்டேங்கறான். பெரிய மனுசன்லாம் மேல ஏறினதும் ஏணிய இழுத்துக்கலியா? நாம மட்டும் எதுக்கு யோக்கியன் வேசம் கட்டணும்?"

நியாயமான கேள்வி. பாதி மண்டபம் அவனுக்குக் கை தட்டியது. பிலோமினாவுக்கே ஒரு கணம் தட்டலாம்போல இருந்தது.

"ஏணி யாருதுடா டில்லி?" என்றாள். "நாம மொதல்ல மேல ஏறின ஆட்டம் யாரோட? ஹார்பரோட. அன்னிக்கு அவன் தோத்துட்டு, மழையில நின்னுகினு, நம்மளத் திட்டிகினே வழி உட்டான். கேட்ட இழுத்து மூடல. இன்னிக்கு நாம மூடினா, நம்மளக் கீழயே வெச்சிருந்தவனுக்கும் நமக்கும் இன்னா வித்தியாசம்?"

"அதுக்கு? பட்டையக் கட்டாம உட்டா லீக்கு படுத்துடுமா?"

"தெரியல. படுக்காதுன்னுதான் நெனைக்கிறேன். ஆனா என் நெஞ்ச வெச்சுக் கடைய நடத்தறான். அத்தக் குடுக்கலாமா வேணாமான்னாச்சும் நான் சொல்லலாம் இல்ல?"

அன்றைக்கு முடிவு எதுவும் ஆகவில்லை. மேஸ்திரி என்ன சொல்கிறாளோ அதைச் செய்யலாம் என்று சொல்லி ஆளாளுக்குச் செருப்பைத் தேடிக்கொண்டு கிளம்பினார்கள். இந்த ஊரில் பொறுப்பைத் தலையில் கட்டுவதற்கு இப்படி ஒரு மரியாதையான வழி உண்டு.

மறுநாள் மத்தியானம், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் அவள் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தபோது பாலைவனத்திலிருந்து எபினேசர் கூப்பிட்டான்.

"அக்கா, சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல. நீ?"

"ஆச்சு. அக்கா, நீங்க பட்டை கட்ட மாட்டீங்கன்னு இங்க பேசிக்கறாங்க."

"இன்னும் சொல்லல."

"கட்டு அக்கா. எனக்காக. போன வாரம் ட்ரெயினிங்ல என் சட்டை ரிப்பேர் ஆயிடுச்சு. அலை இல்லாம ஓடினேன். கால் தரையில இருக்குதா இல்லியான்னே தெரியல. பதினெட்டு வயசுலேர்ந்து அதோடவே ஆடிட்டேன். கூட்டமே இல்லாம நான் எறங்கினா, உலகமே பாக்கும்போது மரக்கட்ட மாதிரி நிப்பேன்."

"நீ கையெழுத்துப் போடறப்ப எங்கள ஒரு வார்த்த கேட்டியாடா?"

"கேக்கல. தப்புதான்" என்றான். "என் முட்டி இன்னும் ஒரு வருசம் தாங்கும்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்குள்ள பெரிய ஆளுங்களோட ஒரு தடவ நேருக்கு நேர் ஆடிப் பாத்துடணும் அக்கா. அவ்ளோதான் ஆசை. வேற ஒண்ணும் இல்ல."

குழாயிலிருந்து தண்ணீர் வழிந்து அவள் செருப்பை நனைத்தது. அவள் நகரவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் போதும், லட்சம் பேர் பட்டையைக் கட்டிக்கொள்வார்கள். தம்பி பறப்பான். அவன் கேட்டு அவள் மறுத்தது என்று இதுவரை எதுவும் இல்லை.

"எபி," என்றாள், "நான் கட்டுங்கன்னு சொன்னா எல்லாரும் கட்டிடுவாங்கடா. அதான் எனக்கு பயமா கீது."

அவன் புரிந்துகொண்டான். "சரிக்கா. சாப்டு" என்று சொல்லி வைத்துவிட்டான். கோபமாகப் பேசியிருந்தால்கூட அவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

சாயங்காலம் மண்டபத்தில் பிலோமினா சுருக்கமாகச் சொன்னாள். "என் தம்பி கட்டச் சொல்லிக் கேட்டான். நாம கட்டலன்னா விழுந்துடுவேன்னு சொன்னான். நான் கட்டப் போறதில்ல. நீங்க உங்க இஷ்டம்."

முதலில் எழுந்தவன் டில்லிபாபு. அவன் கண் கலங்கியிருந்தது. "உன் தம்பியவே நீ குடுக்கற. நான் மேளத்த வெச்சிகினு இன்னா புடுங்கப் போறேன்?" என்று தன் பட்டையைக் கழற்றிப் பெட்டியில் போட்டான். பின்னாலேயே வரிசை நின்றது. அடுத்த சில நாளில் வியாசர்பாடியில் மட்டுமல்ல, கொருக்குப்பேட்டையில், துபாயில், சிங்கப்பூரில், கால்வாய்க்காரன் எங்கெங்கே இருந்தானோ அங்கெல்லாம் பட்டை கழன்றது. பன்னிரண்டு கழகங்களின் ரசிகர்களும் அந்த வாரம் உலகெங்கும் கத்தினார்கள், கொடி பிடித்தார்கள், கொடும்பாவி கொளுத்தினார்கள். ஆனால் சொர்க்கத்தில் போட்டுக் கொடுத்த நாற்காலியை, உள்ளே விடப்படாத பங்காளிக்காக வேண்டாம் என்று தள்ளிய கூட்டம் இது ஒன்றுதான். இவர்களை என்ன சொல்லிப் புகழ்வது என்று தெரியவில்லை.

பட்டையைக் கழற்றலாம், கண்ணை எப்படிக் கழற்றுவது? மகுட லீக்கில் கால்வாயின் முதல் ஆட்டம் நடக்கிற நேரத்தில் வீட்டில் இருந்தால் திரையைப் போட்டுவிடுவோம் என்று எல்லோருக்கும் தன்னைப் பற்றியே பயம். அதே சாயங்காலம் ஹார்பர் அணிக்கு ராயபுரம் மைதானத்தில் எண்ணூர்க்காரர்களோடு ஒரு சில்லறை ஆட்டம் இருந்தது. "அங்க போயிடலாம்" என்றாள் பிலோமினா.

ஆயிரக்கணக்கான கறுப்புச் சட்டைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருமுனையில் திரும்பியதைப் பார்த்ததும், அடிதடிக்கு வருகிறார்கள் என்று கஃபூர் பாய் கேட்டைச் சாத்தச் சொல்லிவிட்டார். பிலோமினா கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாள்.

"பாய், தெற! உங்களுக்குக் கத்த வந்திருக்கோம்."

"எங்களுக்கா?"

"எங்களுக்கு இன்னிக்கு டீம் இல்ல பாய்."

அவர் தானே வந்து தாழ்ப்பாளை நீக்கினார்.

அன்று ராயபுரத்தில் எழுந்த சத்தத்தில் கப்பல்காரர்கள் சங்கு ஊதினார்கள் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அது கொஞ்சம் மிகையாக இருக்கலாம். டில்லிபாபு மேளத்தை அடித்த அடியில் ஹார்பர் பையன்கள் முதலில் மிரண்டார்கள், அப்புறம் ஓட ஆரம்பித்தார்கள். பிலோமினா வழக்கம்போல முதுகைக் காட்டி நின்றாள். அவள் உதடு கத்தியது. மனசு பாலைவனத்தில் இருந்தது. இந்நேரம் இறங்கியிருப்பான். இந்நேரம் நெஞ்சைத் தொட்டுப் பார்த்திருப்பான், ஒன்றும் தட்டியிருக்காது.

இரண்டாம் பாதியில் எண்ணூர்ப் பையன் ஒருவன் கோலுக்கு முதுகைக் காட்டி, மல்லாந்து பறந்து, தலைக்கு மேலே காலை வீசி ஒரு கோல் போட்டான். ஹார்பர்க்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். கால்வாய்க் கூட்டம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஒரே ஒரு தட்டுத் தட்டியது. பட்டென்று ஒன்று, அவ்வளவுதான்.

"எங்களுக்குக் கத்த வந்துட்டு எவனுக்குடா தட்டுறீங்க?" என்று கஃபூர் பாய் பாய்ந்து வந்தார்.

"மன்னிச்சுக்க பாய், கை தானா தட்டிடுச்சு" என்றான் டில்லிபாபு. அது அவர்களுடைய ஒற்றைத் தட்டு. எதிரி போட்ட கோல் அழகாக இருந்தால் ஒரு தட்டு தட்டிவிட்டு, மறுகணமே வசவைத் தொடர வேண்டும். யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. தட்டாதவனைப் பேட்டையில் ஆட்டம் தெரியாதவன் என்பார்கள். இதற்கு மட்டும் மேஸ்திரியின் கையசைவு தேவையில்லை.

மறுநாள் காலை, தண்ணீர் நிலையத்தில் வரிசையில் நின்றபோது எபினேசர் கூப்பிட்டான். அதற்குள் அவள் காதுக்குச் செய்தி வந்துவிட்டது: கால்வாய் தோற்றுவிட்டது, தலைவன் பாதியில் வெளியேற்றப்பட்டான்.

"அக்கா, அலை வந்துச்சு" என்றான்.

"இன்னாது? எப்டிடா வரும்? நாங்க ஒருத்தரும் கட்டலியே!"

"வந்துச்சு. மொதல்லேர்ந்தே. முழு அலை, எப்பவும்போல. கால் அப்டியே பறந்துச்சு. அக்கா கட்டிட்டா, எனக்காகக் கட்டிட்டான்னு நெனைச்சேன். சந்தோசமா இருந்துச்சு. கொஞ்சம் வருத்தமாவும் இருந்துச்சு. முப்பதாவது நிமிசத்துல அவங்க ஆளு ஒரு கோல் போட்டான் பாரு. நாலு பேர நிக்க வெச்சு, குதிகால்ல தள்ளி உட்டான். அப்டி ஒண்ண நான் பாத்ததே இல்ல. நெஞ்சுல அந்த ஒத்தத் தட்டு வரும்னு காத்துகினு இருந்தேன். வரல. அலை பாட்டுக்குப் பொங்கிகினே இருக்குது."

அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பழைய ஆட்டங்களின் துடிப்பையெல்லாம் சேமித்து வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துத் திரும்ப ஊற்றிவிட்டார்கள். இதுதான் அந்தப் பிள்ளை சொன்ன ஏற்பாடு. கால்வாய் பொங்கியதையும் பதறியதையும் பத்திரமாக எடுத்துக்கொண்டவர்கள், எதிரிக்காகத் தட்டியதை மட்டும் வேண்டாத சத்தம் என்று களைந்துவிட்டிருக்கிறார்கள்.

"மொதல்ல பயந்துட்டேன் அக்கா" என்றான் எபினேசர். "மேல வந்ததும் நம்ம ஜனம் மாறிடுச்சா, அழகப் பாத்தா தட்டக்கூட மாட்டேன்னு ஆயிடுச்சான்னு. அப்பறம்தான் பொறி தட்டுச்சு. நீங்க மாறல. நீங்க வரவே இல்ல. எவ்ளோ நிம்மதியா இருந்துச்சு தெரியுமா?"

"அப்பால இன்னாடா பண்ண?"

"அந்தச் சட்டையக் கழட்டிட்டு சாதாச் சட்டை ஒண்ணு மாட்டினேன். அந்தப் பையன்கிட்ட போயி, உங்களுக்காக நானே ஒரு தட்டு தட்டினேன். அவன் ஒண்ணும் புரியாமப் பாத்தான். அப்பறம் அலை இல்லாமத்தான் ஆடினேன். கால் வரல. ரெண்டு தடவ பந்த மிதிச்சு விழுந்தேன். வெளிய வான்னுட்டாங்க." அவன் சிரிக்க முயன்றான். "லீக்கை விட்டே அனுப்பிட்டாங்க. முட்டிக்கும் சேத்து ஆசை முடிஞ்சுது."

பின்னாலிருந்த லாரிகள் ஹாரன் அடித்தன. பிலோமினா ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்து, ஊர் பார்க்க அழுதாள்.

மகுட லீக் ஒன்றும் சாய்ந்துவிடவில்லை. இன்றைக்கும் வாராவாரம் நடக்கிறது, பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். கால்வாய் என்ற பெயரும் கறுப்புச் சட்டையும் அவர்களிடம் போயின. பேட்டை ஆறப்போடவில்லை. புதிதாக ஓர் அணியைச் சேர்த்து, கடைசிப் பிரிவில், முதல் படியிலிருந்து ஆரம்பித்தது. பெயர் வேண்டுமே? பழைய பெயரைத் தொட்டால் வழக்கு. ஆகவே யாரும் உரிமை கொண்டாடாத ஒரு பெயரைப் பதிவு செய்தார்கள்: சாக்கடை கால்பந்துக் கழகம். பதிவு அலுவலகத்தில் இருந்தவர் மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் முத்திரை குத்தினாராம்.

எபினேசரால் அதில் ஆட முடியவில்லை. அவன் வியாசர்பாடிக்காரர்களின் எந்த அணிக்கும் இனி ஆடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரிய கழகங்களின் பெயரையெல்லாம் வரிசையாகப் போட்டு அவற்றுக்கும் கூடாது என்றிருந்தது. எதிரிக்கு ஆடக் கூடாது என்று எழுத மட்டும் அந்த வக்கீல்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஃபூர் பாய், மனைவியும் மகளுமாக, பழத்தட்டோடு பிலோமினா வீட்டுக்கு வந்தார். பெண் கேட்டு வந்தவர்போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நாங்க இந்த வருசம் மேலப் பிரிவுக்குப் போயிருக்கலாம். இப்ப வேணும்னே கடைசிப் பிரிவுல எறங்கி ஆடறோம், சங்கத்துல எழுதிக் குடுத்துட்டோம். நீங்க இல்லாம மேல போயி யாரோட ஆடறது? அதான்... உன் தம்பிய எங்களுக்குக் குடுப்பியா மேஸ்திரி?"

"அவனக் கேளுங்க பாய்."

"கேட்டாச்சு. சரின்னுட்டான். ஒரே ஒரு கண்டிசன் போடறான்." அவர் தொடையைத் தடவிக்கொண்டார். "நீ அவனத் திட்டணுமாம். மத்தவங்களத் திட்டற மாதிரியே. அது இல்லன்னா ஆட மாட்டானாம்."

"அய்யோ, அது என்னால ஆகாது பாய்" என்றாள் அவள்.

சாக்கடைக்கும் ஹார்பருக்கும் முதல் ஆட்டம் மாநகராட்சி மைதானத்தில் நடந்தது. அங்கே அலைச்சட்டையும் கிடையாது, பட்டையும் கிடையாது. புல்லும் பாதிதான் இருந்தது. எபினேசர் ஹார்பரின் நீலச் சட்டையில், வலது முட்டியில் துணி சுற்றிக்கொண்டு இறங்கினான். பிலோமினா முதன்முறையாகக் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மைதானத்தைப் பார்த்தாள், முடியாமல் திரும்பிக்கொண்டாள். முதல் பாதி முழுக்கக் கூட்டம் மற்ற பத்துப் பேரையும் வறுத்தெடுத்தது. அவன் பெயர் வரும்போதெல்லாம் அவள் கை எழவில்லை. அவன் நொண்டினான். பந்து அவன் காலை விட்டு விலகி விலகிப் போனது. சுற்றிலும் இவ்வளவு கூட்டம் இருந்தும் ஆள் இல்லாத அரங்கில் ஆடுகிறவன்போல இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேஸ்திரி" என்றான் டில்லிபாபு மெதுவாக. "அவனுக்குக் கால் வரல. நீ வாயத் தொறக்கலன்னா வராது."

பிலோமினா திரும்பினாள். வேலிக் கம்பியைப் பிடித்தாள். தம்பியைப் பார்த்தாள்.

"டேய் எபினேசரு!" என்று அவள் போட்ட சத்தத்தில் நடுவர்கூட நின்றுவிட்டார். "மூணாங்கிளாஸ் வரைக்கும் பாயில ஒண்ணுக்குப் போனவன்டா நீ! காலைல எயுந்து பாய அலசிப் போட்டவ நான்! எங்க மேலயாடா கோல் போட வந்துகினு கீற?"

மைதானமே வெடித்துச் சிரித்தது. ஹார்பர்க்காரர்கள் சிரித்தார்கள், நடுவர் வாயைப் பொத்திக்கொண்டார், டில்லிபாபு மேளத்தின்மேல் விழுந்து சிரித்தான். எபினேசர் மட்டும் அசையாமல் நின்றான். பதினெட்டு வயதிலிருந்து அவன் நெஞ்சுக்குள் லட்சம் பேரோடு கலந்து தட்டிக்கொண்டிருந்தவள், இப்போது தனியாக, தன் சொந்தக் குரலில் அவன் காதில் விழுந்தாள். அவன் முகத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

பிறகு பந்து அவனிடம் வந்தது. முட்டி இழுக்க இழுக்க, சாக்கடையின் கோலை நோக்கி அவன் ஓட ஆரம்பித்தான். பிலோமினா அடுத்த வசவுக்காக நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தாள்.